திட்டு வாங்காத அத்தியாயம்

“வாங்கம்மா, உட்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க” என்றான் நோபிலா.

நாற்பது வருஷமாக இந்த வேப்பமரத்தடிக்கு வந்துபோகிறவள் லெயோகாதி. ஒரு நாளாவது இந்த மனுஷன் அவளை ‘வாங்க’ என்று சொன்னதுண்டா? “வந்துட்டியா, நாய்த்தலை தின்னி? போன வாரமே உன்னைச் சந்தையில வித்துத் தொலைச்சிருக்கணும்” என்பதுதான் அவன் கொடுக்கும் வரவேற்பு. “விக்கணும்னா முதல்ல வாங்கியிருக்கணும்டா கழுதைக்காரா. உன் பாட்டன் எங்க வீட்டுல மாடு மேய்ச்சவன்” என்பது அவள் சொல்லும் வணக்கம்.

நோபிலா மோசி. லெயோகாதி சாமோ. இந்த இரண்டு இனத்துக்கும் கேலி முறை. எதிரே பார்த்தால் திட்டிக்கொண்டே ஆக வேண்டும். கல்யாண வீடென்றால் கொஞ்சம் உரக்க, சாவு வீடென்றால் இன்னும் உரக்க. எந்தக் காலத்திலோ ஒரு நாய்த்தலைக்காக இரண்டு இனத்தாரும் அடித்துக்கொண்டார்களாம். அதைத் தின்றது யார், அதனால் யார் யாருக்கு அடிமை என்கிற வழக்கு இன்றுவரை தீரவில்லை. தீர்ந்துவிட்டால் அப்புறம் பேச என்ன இருக்கிறது?

அந்த வாயிலிருந்துதான் ‘வாங்கம்மா’ வருகிறது. நவம்பரில் தொடங்கியது, இதோ ஏப்ரலும் பாதி ஓடிவிட்டது.

நோபிலாவின் மனைவி தலாத்தோ சுரைக்குடுக்கையில் கம்பு மாவு கரைத்த தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். லெயோகாதி இரண்டு வாய் குடித்துவிட்டுப் பையிலிருந்து தாள்களை எடுத்தாள்.

“கடைசி அத்தியாயம். படிக்கட்டுமா?”

“படிங்கம்மா. உங்க எழுத்தைக் கேக்க நாங்க கொடுத்து வச்சிருக்கணும்.”

அவள் படித்தாள். லாரி வைத்துப் பிழைத்த ஒரு முரட்டுப் பெண்ணைப் பற்றிய நாவல் அது. கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண்ணின் சாவு. நோபிலா கையைக் கட்டிக்கொண்டு சர்ச்சில் உட்கார்ந்திருப்பவனைப் போலக் கேட்டான். முடித்ததும் தலையை ஆட்டினான்.

“ரொம்ப அருமை.”

அவளுக்குக் கன்னத்தில் அறை வாங்கிய மாதிரி இருந்தது. தாள்களை மடித்துப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் எழுதும் விதம் அப்படி. காலையில் எழுதுவாள். முதலில் வாக்கியத்தைத் தன் சாமோ மொழியில் வாய்க்குள் முணுமுணுப்பாள். பிறகு அதைப் பிரெஞ்சில் எழுதுவாள். பிரெஞ்சு முரண்டு பிடித்தால் நாலு திட்டுத் திட்டி உட்கார வைப்பாள். பதினோரு மணிக்கு அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு கூங்கின் பேட்டையில் நோபிலாவின் வீட்டுக்கு வந்து அவனுக்குப் படித்துக் காட்டுவாள். நோபிலா சுங்க இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன். எல்லையில் லாரிகளை நிறுத்தி மூட்டையைப் பிரித்த புத்தி இன்னும் போகவில்லை. அவள் வாக்கியங்களையும் அப்படித்தான் பிரிப்பான்.

“நிறுத்து. இது எங்கேர்ந்து வருது? பாரிஸ் சரக்கா? வரி கட்டினியா?”

“என் சொந்தச் சரக்குடா!”

“பொய். சாமோவுக்கு ஏது இவ்வளவு நீட்டு வாக்கியம்? பாதியில மூச்சு வாங்கிச் செத்துடுவீங்களே. எங்கேயோ திருடியிருக்க, பிசாசு.”

அவன் திட்டினால் அந்த வாக்கியத்துக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். கொட்டாவி விட்டால் அந்த வாக்கியத்தையே அடித்துவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள். அவளுடைய நான்கு நாவல்களும் இப்படித் திட்டு வாங்கித்தான் கரையேறின. பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய வருஷங்களில்கூட இந்த மரத்தடி அவளைத் திருப்பி அனுப்பியதில்லை. பாரிஸில் அவளுடைய பதிப்பாசிரியை ஓடில், “பிரெஞ்சில் இப்படிச் சொல்லும் வழக்கம் இல்லையே” என்று ஓரத்தில் குறித்து அனுப்பும்போதெல்லாம், “இதுவரை இல்லை, இனிமேல் சொல்வார்கள்” என்று அவள் எழுதி அனுப்புவாள். அந்தத் திமிர் இந்த மரத்தடியில் கிடைத்ததுதான்.

போன நவம்பரில் அவளுடைய நான்காவது நாவல் ‘வியாழக்கிழமைக் கழுதைகள்’ பாரிஸில் பெரிய பரிசு வாங்கியது. ஊரே கொண்டாடியது. பள்ளிக்கூடங்கள் அழைத்தன, அதிகாரிகள் கை குலுக்கினார்கள். நாளை மறுநாள், சனிக்கிழமை, மந்திரி கையால் மெடல். அதற்காக ஊர்த் தறியில் நெய்த அவுரி நீலத் துணியில் அவள் உடுப்பே தைத்து வைத்திருந்தாள். எல்லாம் சரி. ஆனால் புது நாவலின் கடைசி அத்தியாயம் மட்டும் நகர மறுத்தது. பதினோரு விதமாக எழுதிப் பார்த்தாகிவிட்டது. பதினொன்றும் நோபிலாவுக்கு ‘ரொம்ப அருமை’. ஒன்றுக்குக்கூட உயிர் இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது. மழை தொடங்குவதற்குள் அனுப்பாவிட்டால் இந்த வருஷம் புத்தகம் வராது என்று ஓடில் சொல்லிவிட்டாள். புத்தகம் ஒரு வருஷம் தள்ளிப் போனாலும் போகட்டும் என்று இருந்தது லெயோகாதிக்கு. இந்த மனுஷன் இனி ஒருநாளும் திட்டவே மாட்டானோ என்ற பயம்தான் அவளைத் தின்றது.

தெருக்கதவு வரைக்கும் தலாத்தோ பின்னாலேயே வந்தாள். லெயோகாதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் என்ன பண்ணிட்டேன்? நீயாவது சொல்லேன் தலாத்தோ.”

“நிஜமாவே தெரியாமத்தான் கேக்கறியா லெயோக்கா?”

“சத்தியமா தெரியல.”

தலாத்தோ ஒரு தடவை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“எங்க மாமா செத்த அன்னிக்கு நீ ரேடியோவில பேசினியே.”

லெயோகாதிக்கு அது நன்றாகவே நினைவிருந்தது. நோபிலாவின் அப்பா, கூட்பி கிழவர், தொண்ணூறைத் தாண்டியவர். பாரிஸில் ரேடியோ பேட்டிக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவர் இறந்த சேதி வந்தது. ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்ததும் அவளால் வேறெதுவும் பேச முடியவில்லை. இந்தப் பரிசை மதிப்புக்குரிய கூட்பி ஐயாவின் காலடியில் வைக்கிறேன் என்றாள். அவரைப் போன்ற மாமனிதர்கள் என்றாள். குரல் உடைந்து அழுதும் விட்டாள். வாழ்நாளில் அவ்வளவு அழகான பிரெஞ்சு அவள் பேசியதில்லை. பேட்டி எடுத்த பெண்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பேசினேன். மனசாரப் பேசினேன். எல்லாரும் அழுதாங்கன்னு கேள்விப்பட்டேனே?”

“அழுதாங்கல்ல? அதான்டி தப்பு!” தலாத்தோ அவள் தோளில் ஒரு குத்து விட்டாள். “பிணம் கிடக்குது, ரேடியோவில நீ வர்றேன்னு சொன்னாங்க. இவர் உடனே சத்தத்தைக் கூட்டி நடு முத்தத்துல வச்சாரு. ‘கேளுங்கடா, என் அடிமை பாரிஸ்லேர்ந்து எங்கப்பனைக் கிழிக்கப் போறா’ன்னு எல்லாரையும் கூப்பிட்டாரு. வம்பு பண்ணத் தயாரா நாலு சாமோ ஆம்பளைங்க வேற வந்து நின்னாங்க. நீ என்னடான்னா ‘மதிப்புக்குரிய ஐயா’ன்னு ஆரம்பிச்சே. உன் குரலைக் கேட்டு அந்தத் தடியனுங்களும் மூக்கைச் சிந்திட்டானுங்க. பாடையை மறிக்க ஆள் இல்ல, குழியில படுத்துக்கிட்டு ‘எனக்குச் சேர வேண்டியதைக் கொடு’ன்னு கத்த ஆள் இல்ல. தொண்ணூறு வயசுக் கிழவர், அநாதைப் பிணம் மாதிரி சிரிப்பில்லாம போனாரு.”

லெயோகாதி தெருக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“இவர் ரேடியோவை அமத்தினாரு. ‘அந்தம்மா பெரிய எழுத்தாளர் ஆயிட்டாங்க’ன்னாரு. அன்னிக்கு ஒட்டிக்கிட்டதுதான் அந்த ‘அம்மா’.”

பாரிஸையே கண் கலங்க வைத்த அழுகை கூங்கினில் இப்படி அவள் மானத்தை வாங்கியிருந்தது. லெயோகாதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அத்தனை வருஷம் சோறு போட்ட வீட்டுச் சாவில், வேற்று ஆளைப் போல மரியாதையாக அழுதுவிட்டு வந்திருக்கிறாள். சாமோவாகப் பிறந்த எவளாவது செய்கிற காரியமா அது?

“நான் போய் மன்னிப்புக் கேக்கறேன்.”

“கேளு, கேளு. அதுவும் மரியாதைதானே? ‘பரவாயில்லம்மா’ன்னு ஒரு நாற்காலி போடுவாரு.” தலாத்தோ குரலைத் தாழ்த்தினாள். “சனிக்கிழமை மாமாவுக்குப் பெரிய சடங்கு. ஊரே வருது. பெரிய மருமக செத்தவர் துணியைப் போட்டுக்கிட்டு அவரை மாதிரியே நடந்து காட்டணும். அது நான்தான். என் முட்டி இருக்கிற லட்சணத்துக்கு அந்தக் கிழவர் மாதிரி நடக்க முடியுமா? என் அடிமைகிட்ட வேலையைக் கொடுத்துட்டேன்னு சொல்லிக்கிறேன். யார் கேக்கப் போறா?”

“சனிக்கிழமையா? சனிக்கிழமை பத்து மணிக்கு மெடல்.”

“மெடலை நீ பாத்துக்க. மாமாவோட சட்டை என் பெட்டியில இருக்கு. அவ்வளவுதான் நான் சொல்லுவேன்” என்று தலாத்தோ உள்ளே போய்விட்டாள்.

மெடல் பிடிக்காத எழுத்தாளர் உலகத்தில் எங்கே இருக்கிறார்? லெயோகாதிக்கும் ஆசை இருந்தது, நிறையவே இருந்தது. கண்ணாடி முன்னால் நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு மெடல் எங்கே தொங்கும் என்று விரல் வைத்துக்கூடப் பார்த்திருந்தாள். சனிக்கிழமை காலையிலும் அதே உடுப்பைத்தான் போட்டாள். டாக்ஸியில் ஏறி உட்கார்ந்து, “எங்கே மேடம்?” என்று ஓட்டுநர் கேட்டபோது, “கூங்கின்” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பின்கட்டு அறையில் தலாத்தோ நீல உடுப்பைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கிழவரின் நீளச் சட்டை, தொளதொளக் கால்சட்டை, விளிம்பு மடங்கிய கம்பளித் தொப்பி, கைத்தடி, காதை விட்டு இறங்காத சின்ன ரேடியோ என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். சட்டையில் இன்னும் அவர் மென்றுகொண்டே இருக்கும் கோலாக்கொட்டை வாசமும் மூட்டுவலித் தைல வாசமும் இருந்தன. லெயோகாதிக்குக் கண்ணில் நீர் முட்டியது.

“அழுத, கொன்னுடுவேன்” என்றாள் தலாத்தோ.

முற்றத்தில் முரசு அதிர்ந்துகொண்டிருந்தது. சோளத்தில் வடித்த கள்ளுப் பானைகளைச் சுற்றி நூறு பேருக்குமேல் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை அங்கியில் நோபிலா நடுநாயகமாக, முகத்தை இறுக்கிக்கொண்டு இருந்தான். பின்கட்டுக் கதவு திறந்தது. கால்கள் இரண்டும் வில்லாக வளைய, ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு, தடியால் கோழிகளை விரட்டியபடி கூட்பி கிழவர் வெளியே வந்தார்.

முரசடிப்பவனின் கை நின்றுவிட்டது. ஒரு கிழவி “ஐயோ!” என்று கத்தினாள். பிறகு யாரோ, “சாமோடா! அந்த எழுத்தாளரம்மாடா!” என்று கூவ, முற்றம் கொல்லென்று சிரித்தது. நோபிலா சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

கிழவர் அவன் முன்னால் வந்து நின்றார். பையிலிருந்து கோலாக்கொட்டையை எடுத்துப் பாதி கடித்து, மீதியை யார் கண்ணிலும் படாததுபோலத் தொப்பிக்குள் ஒளித்துவைத்தார். அந்தக் கஞ்சத்தனத்தை அறியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. ஜனங்கள் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

“எந்திரிடா நாற்காலியை விட்டு! அது என் நாற்காலி.”

நோபிலா எழுந்தான். கிழவர் உட்கார்ந்து காலை நீட்டினார்.

“கஞ்சி எங்கடா? மேல வந்து ஆறு மாசமாச்சு, சுடச்சுட ஒரு வாய்க் கஞ்சிக்கு வழியில்ல. முன்னோர்கள் எல்லாரும் கேக்கறாங்க, ‘கூட்பி, உன் மவன் என்னடா வேலை பாத்தான்?’னு. நான் என்னத்தைச் சொல்ல? முப்பது வருஷம் அடுத்தவன் மூட்டையைப் பிரிச்சான்னு சொன்னேன். ‘திருடனா?’ன்னாங்க. ‘அதுக்கு அரசாங்கச் சம்பளம்’னேன்.”

முற்றம் சிரித்துப் புரண்டது. நோபிலாவின் உதடு லேசாகக் கோணியது. ஆனாலும் பதிலுக்குத் திட்டவில்லை.

கிழவர் ரேடியோவைக் காதில் அழுத்திக்கொண்டார்.

“ச்சூ, சத்தம் போடாதீங்க. பாரிஸ்லேர்ந்து எவளோ பேசறா. யார்ரா இவ? ‘மதிப்புக்குரிய கூட்பி ஐயா’வாம்! எனக்கு மதிப்புக் கொடுக்க இவ யாரு? குரல் தெரிஞ்ச குரலா இருக்கே. நம்ம வீட்டுச் சோத்துப் பானையைச் சுரண்டிச் சுரண்டியே நாலு புத்தகம் எழுதினாளே, அந்த நாய்த்தலை தின்னியா? அடிப்பாவி! செத்தவன் நான் சும்மா கிடக்கேன், இவ அழறா பாரு! என்னைச் சந்தையில வாங்கித் தொலைச்ச மாதிரி அழறா! மூக்கைச் சிந்தினதுக்குப் பாரிஸ்காரன் பரிசு கொடுத்தான். என் சாவுல சிரிக்க வேண்டிய கழுதை, ஊர் பூரா அழ வச்சிட்டுப் போயிட்டா. டேய் சுங்கக்காரா! அந்த அழுகை எல்லையைத் தாண்டி வந்தப்ப நீ என்னடா பண்ணிட்டிருந்தே? பிடிச்சு வரி போட்டிருக்க வேண்டாமா?”

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் நோபிலாவைப் பார்த்தார்கள். லெயோகாதி தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். இதற்கும் ‘நன்றிங்கம்மா’ என்று அவன் சொல்லிவிட்டால் அதற்குமேல் அவளிடம் எதுவும் இல்லை.

நோபிலா அவளை மேலும் கீழும் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

“எங்கப்பனுக்குக் கால் இவ்வளவு கோணல் இல்ல.”

“இதைவிடக் கோணல்டா. மரியாதைக்காகக் குறைச்சிருக்கேன்.”

“மரியாதையா?” நோபிலாவின் குரல் எகிறியது. “உனக்கு ஏதுடி மரியாதை? திருட்டுக் கழுதை! செத்தவன் சட்டையைத் திருடி, நாற்காலியைத் திருடி, என் சோத்தைத் திருடி… ஆறு மாசம்! ஆறு மாசமா உனக்கு ‘வாங்கம்மா போங்கம்மா’ன்னு சொல்லிச் சொல்லி என் நாக்குல புண்ணு வந்துடுச்சுடி, நாய்த்தலை தின்னி!”

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். சிரிப்பு வந்து, இருமல் வந்து, கண்ணில் நீர் வழிய நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். முரசு எகிறியது. பெண்கள் குலவையிட்டார்கள். அந்த நாலு சாமோ ஆம்பளைகளும் நவம்பரில் விட்டதைச் சேர்த்துப் பிடிப்பதுபோல வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு, கள் வந்தாலொழிய ஒருவரையும் வெளியே விடமாட்டோம் என்று கத்தினார்கள்.

அவர்களைத் தாண்டித்தான் அமைச்சகத்து அதிகாரி இல்புதோ உள்ளே வரவேண்டியிருந்தது. கோட்டும் டையும் வியர்வையுமாக, கையில் வெல்வெட் பெட்டி.

“எழுத்தாளர் லெயோகாதி பாரே இங்க இருக்காங்களா? எப்பவும் இங்கதான் வருவாங்கன்னு சொன்னாங்க. மந்திரி ஒரு மணி நேரம் காத்திருந்துட்டுக் கோபமா கிளம்பிட்டாரு. மெடலைக் கையில கொடுத்துக் கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாரு.”

ஜனங்கள் நாற்காலியில் இருந்த கிழவரைக் காட்டினார்கள். இல்புதோ திகைத்து நின்றார்.

“செத்தவனுக்கு எதுக்குடா மெடல்?” என்றார் கிழவர்.

நோபிலா பெட்டியை வெடுக்கென்று பிடுங்கினான். “இப்படிக் கொடுங்க சார். இவ என் அடிமை. அடிமை பேர்ல வர்ற சரக்கை முதலாளிதான் எடுக்கணும். சுங்கச் சட்டம். கையெழுத்து நான் போடுறேன்.”

“அது… சட்டப்படி…” என்று இழுத்தார் இல்புதோ. அவரும் மோசிதான். ஒரு நிமிஷம் கோட்டைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. “சட்டப்படி சரிதான். சாமோ கழுத்துல தங்கத்தை மாட்டினா சாயங்காலமே நாய்த்தலைக்கு வித்துடுவா” என்று சொல்லிவிட்டு டையைத் தளர்த்திக்கொண்டு கள் பானைப் பக்கம் உட்கார்ந்துவிட்டார்.

நோபிலா மெடலைத் தன் வெள்ளை அங்கியில் குத்திக்கொண்டு முற்றம் முழுக்க மூன்று சுற்று சுற்றி வந்தான். லெயோகாதி தடியை ஓங்கிக்கொண்டு, “என் சாமானைக் கொடுடா கழுதைக்காரா!” என்று வில்கால் போட்டுத் துரத்தினாள். பாரிஸில் கூட அவளுக்கு இவ்வளவு கைதட்டல் கிடைக்கவில்லை. அன்று அவளுக்கு இருந்த சந்தோஷத்தை எந்த மந்திரியாலும் சட்டையில் குத்த முடியாது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எழுத உட்கார்ந்தாள். லாரிக்காரியின் சாவு வீட்டுக்குள் ஒரு கிழட்டுச் சாமோவை நுழையவிட்டாள். பாடையை மறித்தவன் எழுந்திருக்கவே மாட்டேன் என்றான். அதன்பிறகு பிரெஞ்சு மொழி அவளிடம் முரண்டே பிடிக்கவில்லை, சொன்ன இடத்துக்கெல்லாம் வந்தது.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஓடில் தொலைபேசியில் அழைத்தபோது அவள் கூங்கின் தெருவில் நடந்துகொண்டிருந்தாள். அத்தியாயம் வருகிறது என்றதும் ஓடிலுக்கு மூச்சு வந்தது. மெடல் விழா எப்படி நடந்தது, படம் இருந்தால் அனுப்பு என்றாள்.

“மெடலைச் சுங்கத்தில் பிடித்து வைத்துவிட்டார்கள்” என்றாள் லெயோகாதி.

“அடடா! மேலதிகாரிகளிடம் புகார் கொடுக்கலாமே?”

“அவனுக்கு மேலே யாரும் இல்லை, ஓடில்.”

வேப்பமரத்தடியில் நோபிலா பழைய பனியனோடு உட்கார்ந்திருந்தான். பனியனில் மெடல் தொங்கியது. அக்கம்பக்கத்தார் தேநீர்க் குவளைகளோடு முன்னமே இடம் பிடித்திருந்தார்கள். யாரும் நாற்காலி போடவில்லை. அவளே உள்ளே போய் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள்.

இரண்டாவது பக்கம்கூட முடியவில்லை.

“நிறுத்துடி! யார் இந்தச் சாமோ கிழவன்? பாடையை மறிச்சுட்டு இவ்வளவு நேரமா பேசுவான்? பிணம் நாறிடாது? உங்க ஜாதிக்கே சுருக்கமா பேச வராதா? போ, போய்த் திரும்ப எழுதிட்டு வா, தரித்திரம்!”

லெயோகாதி தாளில் அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொண்டாள். ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்று அதற்கு அர்த்தம்.